பருப்பு வேகாததற்குக் காரணம் உங்கள் கைப்பக்குவம் அல்ல

கேள்வி: சில மாதங்களாக எங்கள் வீட்டில் பருப்பும் கடலையும் எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் குழைவதில்லை. மளிகைக் கடையை மாற்றிப் பார்த்தோம், குக்கரைக்கூடப் புதிதாக வாங்கினோம், பயனில்லை. தேநீரின் மேல் மெல்லிய ஏடு படிகிறது, பாத்திரங்களின் உட்புறத்தில் வெள்ளை வளையம் விழுகிறது. “உனக்கு அடுப்படியில் கவனமே இல்லை” என்கிறார் மாமியார். சாப்பிட உட்காரும் நேரமெல்லாம் இதே பேச்சாகிவிட்டது. முன்பு எங்கள் பகுதிக்கு ஏரி நீர் வந்தது, இப்போது ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்து விடுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். வார்டு உறுப்பினரைக் கேட்டால், “தண்ணீரைப் பரிசோதித்தாகிவிட்டது, எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது” என்கிறார். அவருடைய கட்சியில்தான் என் கணவரின் அண்ணன் பொறுப்பில் இருக்கிறார். நான் மேற்கொண்டு பேசினால் எதிர்க்கட்சியினர் தூண்டிவிட்டதாகப் பெயர் வரும் என்று கணவர் தயங்குகிறார். தவறு என்னுடையதா, தண்ணீருடையதா? ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேகாத பருப்பு, தேநீரின் மேல் படியும் ஏடு, பாத்திரத்தில் விழும் வெள்ளை வளையம் ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் ஒரே வீட்டில் தோன்றியிருக்கின்றன என்றால், குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரியும் எவருக்கும் முதலில் வரக்கூடிய சந்தேகம் நீரின் கடினத்தன்மை பற்றியதுதான். அதாவது, உங்கள் குழாயில் வரும் நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகிய தாதுக்களின் அளவு முன்பைவிடக் கூடியிருக்க வேண்டும். உங்கள் கைப்பக்குவத்தின் மேல் பழியைப் போடுவதற்கு இந்தக் கடிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அதே சமயம், வார்டு உறுப்பினர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவதற்கும் ஆதாரம் இல்லை. “இந்த நீரைக் குடித்தால் உடலுக்குக் கேடு வருமா” என்ற கேள்விக்கு அவர் விடை சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் கேட்பதோ, “இந்த நீரில் ஏன் பருப்பு வேகவில்லை, என்ன மாறியது” என்ற வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு “கேடு இல்லை” என்பது சரியான விடையாக இருக்கும்போதே, இரண்டாவது கேள்வி விடையில்லாமல் அப்படியே நிற்க முடியும். உங்கள் பகுதியிலும் உங்கள் வீட்டிலும் இப்போது நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பகுதி, இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால் வந்தவை என்று கருதுகிறேன்.

பருப்பு எப்படி வேகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். செங்கற்களை இணைக்கும் சாந்து போல, பருப்பின் திசுவறைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். கொதிக்கும் நீரில் இந்தப் பெக்டின் கரைந்து நெகிழும்போதுதான் திசுவறைகள் பிரிந்து பருப்பு குழைகிறது. நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதியாக இருந்தால், அவை பெக்டின் இழைகளுக்கு இடையே பிணைப்பை உண்டாக்கி, அதைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகின்றன. அடுப்பின் தீயைக் கூட்டினாலும், விசிலின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் இந்தப் பிணைப்பு எளிதில் அறுந்துவிடுவதில்லை. எரிபொருள் செலவாவதுதான் மிச்சம்.

ஆனால் பருப்பையும் முழுமையாக நிரபராதி என்று விட்டுவிட முடியாது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் பல மாதங்கள் கிடந்த பருப்பு, நல்ல நீரிலும் வேக மறுக்கும். பருப்பில் இயற்கையாகவே இருக்கும் பைட்டிக் அமிலம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. நீண்ட நாள் சேமிப்பில் அந்த அமிலம் சிதையும்போது, அது பிடித்து வைத்திருந்த தாதுக்கள் விடுபட்டுப் பெக்டினைப் பற்றிக்கொள்கின்றன. பழைய பருப்பும் கடின நீரும் ஒன்று சேர்ந்துவிட்டால், உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் ஒரே விதமான இறுக்கம் ஏற்படுகிறது. ஆகவே எது எவ்வளவு காரணம் என்பதைப் பிரித்துப் பார்த்துவிடுவதே நியாயம். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. உங்கள் அடுப்பில் ஒரு மாலை நேரத்தில் செய்துவிடலாம்.

ஒரே அளவான இரண்டு சிறிய பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். குக்கர் வேண்டாம், இடையிடையே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதால் திறந்த பாத்திரமே நல்லது. ஒன்றில் உங்கள் குழாய் நீரையும், மற்றொன்றில் தாது குறைந்த நீரையும் சம அளவில் ஊற்றுங்கள். பக்கத்து வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அந்த நீர் போதும். தூய்மையாகப் பிடித்த மழைநீரும் ஏற்றதே. கடையில் விற்கும் புட்டி நீரை வாங்குவதானால், சிட்டையில் அச்சிட்டிருக்கும் கால்சியம், மக்னீசியம் அளவுகளைப் பார்த்து வாங்குங்கள், ஏனெனில் சில வகைகளில் இவை குழாய் நீரைவிடக் கூடுதலாகவே இருக்கும். மின்கலத்துக்கு ஊற்றுவதற்காக விற்கப்படும் வடிநீரைச் சமையலுக்குப் பயன்படுத்தவே கூடாது. அது உண்பதற்கான தரத்தில் தயாரிக்கப்படுவதில்லை. இரண்டு பாத்திரங்களிலும் நீர் கொதி வந்தபின், ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்த பருப்பைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, உப்பு, எண்ணெய், புளிப்பு எதுவும் சேர்க்காமல் ஒரே அளவான தீயில் வேகவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பருப்பை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து நசுக்கிப் பாருங்கள். வெந்த பருப்பு வழுவழுப்பான விழுதாகப் பரவும். கடின நீரில் கிடந்த பருப்போ, மேலே மிருதுவாகத் தோன்றினாலும் நடுவில் வெண்மையான ஒரு மணியைத் தக்கவைத்துக்கொண்டு, விரலுக்கு அடியில் நறுக்கென்று இரண்டாக உடையும். தாது குறைந்த நீரில் பருப்பு வெந்து, குழாய் நீரில் வேகவில்லை என்றால் காரணம் நீர். இரண்டிலும் வேகவில்லை என்றால் காரணம் பருப்பு.

இந்தச் சோதனையை நீங்கள் தனியாகச் செய்து முடித்து, முடிவை மட்டும் மாமியார் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அவரையும் அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். “அத்தை, முன்பெல்லாம் நீங்கள் வைத்தபோது பருப்பு நன்றாக வெந்ததே, இப்போது ஏன் வேகவில்லை என்று சேர்ந்து பார்ப்போம், வாருங்கள்” என்று அழைத்தால், அதில் பொய்யும் இல்லை, பணிந்துபோவதும் இல்லை. பல ஆண்டுகளாக அதே அடுப்படியில் அதே பருப்பை வேகவைத்தவர் அவர். முன்பு எத்தனை நேரத்தில் வெந்தது, எப்போதிலிருந்து மாறியது என்பதை அந்த வீட்டில் அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்க முடியாது. “முன்பு வெந்தது” என்று அவர் சொல்வது முற்றிலும் உண்மை. அந்த உண்மையிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. பருப்பைத் தம் விரலாலேயே நசுக்கிப் பார்த்தபின், உங்கள்மீது குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவர் உங்கள் பகுதிக்கே முக்கியமான சாட்சியாக மாறக்கூடும். நீர் எந்த மாதத்தில் மாறியது என்ற தகவல் பின்னர் வார்டு உறுப்பினரிடம் பேசும்போது உங்களுக்கு மிகவும் தேவைப்படும்.

தேநீர் ஏட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தூசியோ அழுக்கோ இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் வேதியியலாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், நீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையின் பாலிபினால்களோடும் காற்றின் ஆக்சிஜனோடும் சேர்ந்து அந்தப் படலத்தை உண்டாக்குகின்றன என்று காட்டினார்கள். பால் சேர்க்காத தேநீரில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், ஏடு படியாது.

அடுத்து, சமையல் நடக்க வேண்டுமே, ஆட்சி மன்றம் கூடும்வரை அடுப்பு காத்திருக்காது. நீரின் கடினத்தன்மையில் இரண்டு வகை உண்டு. பைகார்பனேட்டால் ஏற்படும் கடினத்தன்மை தற்காலிகமானது. நீரைக் கொதிக்கவைத்தால் சுண்ணாம்பு வெள்ளைப் பொடியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். சல்பேட், குளோரைடு ஆகியவற்றால் ஏற்படுவது நிரந்தரமானது, கொதிக்கவைத்தாலும் போகாது. உங்கள் பாத்திரங்களில் வெள்ளை வளையம் விழுவதிலிருந்து, கடினத்தன்மையில் ஒரு பகுதியாவது தற்காலிக வகையைச் சேர்ந்தது என்று தெரிகிறது. ஆகவே பருப்புக்கும் தேநீருக்கும் வேண்டிய நீரை மட்டும் முன்கூட்டியே பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, அசைக்காமல் ஆறவைத்து, மேலே தெளிந்திருப்பதை மட்டும் மெதுவாக வடித்து எடுத்துக்கொண்டால், கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வித்தியாசம் இருக்கும். ஒரு குடும்பத்துக்கு இவ்வகைச் சமையலுக்குத் தேவைப்படுவது நாளைக்குச் சில லிட்டர்கள்தான். வீட்டுக்கு வரும் நீர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று எண்ணிச் சோர்ந்துபோக வேண்டாம்.

பருப்பையும் நாம் தயார்படுத்தலாம். தோலுள்ள பயறு வகைகளை முதல் நாள் இரவே உப்பு நீரில் ஊறவையுங்கள். ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு போதும். தோலில் உள்ள கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்வதால் தோல் மிருதுவாகிறது. காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டு, அலசி, வேறு நீரில் வேகவையுங்கள். உப்பு போட்டால் பருப்பு வேகாது என்ற பேச்சு பல வீடுகளில் உண்டு. வேகாமல் தடுப்பது உண்மையில் புளிப்புதான். தக்காளி, எலுமிச்சை, காடி போன்றவை பெக்டினைக் கரையவிடாமல் தடுக்கும் என்பதால், அவற்றைப் பருப்பு முழுவதும் குழைந்த பிறகே சேர்க்க வேண்டும். சமையல் சோடா சேர்ப்பது பழைய முறை, பயன் தரும் முறையும்கூட, ஏனெனில் காரத்தன்மையில் பெக்டின் விரைவாகச் சிதைகிறது. ஆனால் கை தாராளமாகிவிட்டால் சோப்புச் சுவை வந்துவிடும், பருப்பில் உள்ள தயமின் என்ற வைட்டமினும் அழியும். ஒரு லிட்டர் நீருக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள். முடிந்தவரை அதைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொள்ளாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஆர்.ஓ. இயந்திரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பெருமளவு நீக்கிவிடும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வீட்டு உபயோக இயந்திரங்களில் பல, தரும் நீரைவிடக் கழித்துவிடும் நீரே அதிகமாக இருக்கும்படி இயங்குகின்றன. நீர் மிகக் கடினமாக இருந்தால் இயந்திரத்தின் சவ்வின் மேலேயே சுண்ணாம்பு படிந்து அதன் ஆயுளைக் குறைத்துவிடும். உங்கள் தொல்லை கடினத்தன்மை மட்டும்தான் என்றால், அயனிப் பரிமாற்ற முறையில் இயங்கும் நீர் மென்மையாக்கி போதுமானது. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும் என்பதால், வீட்டில் இரத்த அழுத்த நோயாளி இருந்தால், குடிப்பதற்கு மென்மையாக்காத நீர் வரும் குழாய் ஒன்றைத் தனியாக விட்டு வையுங்கள். எப்படியும், பரிசோதனை அறிக்கை கையில் வரும்வரை எந்த இயந்திரத்துக்கும் பணம் கட்டாதீர்கள்.

இதைச் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இயந்திரம் விற்க வருபவர்களில் சிலர், உங்கள் குழாய் நீரில் இரண்டு உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரத்தைச் செலுத்திக் காட்டுவார்கள். சற்று நேரத்தில் நீர் கலங்கி, பழுப்பும் பச்சையுமாகக் கசடு திரளும். தங்கள் இயந்திரத்தின் நீரில் அதையே செய்தால் எதுவும் நிகழாது. பார்ப்பவர்கள் நடுங்கிப்போய் உடனே கையொப்பமிட்டுவிடுகிறார்கள். அந்தக் கசடு உங்கள் நீரில் இருந்ததில்லை. தாது கலந்த நீர் மின்சாரத்தைக் கடத்துவதால், கம்பியில் உள்ள இரும்பு அரிக்கப்பட்டு வெளியேறிய துரு அது. தாது நீக்கிய நீர் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே கம்பி அரிக்கப்படுவதில்லை. அச்சத்தைக் காட்டி விற்கும் இந்த வித்தையை யார் வந்து செய்தாலும் அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். டிடிஎஸ் மீட்டரையும் இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம். நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை அளந்து, கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தைத் தோராயமாக அது காட்டும். அதில் எவ்வளவு கால்சியம், எவ்வளவு சோடியம் என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது.

எனவே அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றில் மொத்தக் கடினத்தன்மையையும், அதோடு காரத்தன்மை, சோடியம், ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றையும் அளக்கச் சொல்லுங்கள். நீரின் மாதிரியை எடுக்கும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தெரு இணைப்பிலிருந்து நேரடியாக நீர் வரும் குழாயில் ஒரு மாதிரியும், சமையலறைக் குழாயில் ஒரு மாதிரியும் தனித்தனியே வேண்டும். மாடியில் உள்ள உங்கள் சொந்தத் தொட்டி புதிதாகப் பூசப்பட்ட சிமெண்டுத் தொட்டியாக இருந்தால், அதிலிருந்தே சுண்ணாம்பு கரைந்து வரலாம். அதைச் சோதிக்காமல் வெளியார்மீது புகார் சொல்வது முறையாகாது. குழாயைத் திறந்து சில நிமிடங்கள் ஓடவிட்டபின், சுத்தமான ஒரு லிட்டர் புட்டியை அதே நீரால் மூன்று முறை அலசி, வாய்வரை நிரப்பி மூடி, தேதி, நேரம், எடுத்த இடம் ஆகியவற்றை அதன்மீது எழுதி ஒட்டுங்கள். கிருமிச் சோதனையும் வேண்டுமென்றால் அதற்குரிய கிருமி நீக்கிய புட்டியை ஆய்வகத்திலிருந்தே வாங்கிக்கொள்ள வேண்டும்.

அறிக்கையைப் படிப்பது கடினமில்லை. லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குள் இருந்தால் அது மென்னீர், 120 முதல் 180 வரை கடின நீர், 180-க்கு மேல் மிகக் கடின நீர் என்று பொதுவாக வகுத்திருக்கிறார்கள். அறிக்கையில் கால்சியமும் மக்னீசியமும் தனித்தனியே கொடுக்கப்பட்டிருந்தால், கால்சியத்தை 2.5-ஆலும் மக்னீசியத்தை 4.1-ஆலும் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் கடினத்தன்மை கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, கால்சியம் 80, மக்னீசியம் 30 என்றால் மொத்தம் 323. அப்படிப்பட்ட நீரில் பருப்பு முரண்டு பிடிப்பதில் வியப்பே இல்லை.

இங்கேதான் வார்டு உறுப்பினரின் விடை பற்றிய சிக்கல் தெளிவாகிறது. உலகச் சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் உச்ச வரம்பு எதையும் விதிக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டியவையே. லிட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழாய்களில் படிவு ஏற்படக்கூடும் என்பதை மட்டும் அது சுட்டிக்காட்டுகிறது. ஆகவே பொறியாளர் தந்த தாளைப் பார்த்து “அளவுக்குள் இருக்கிறது” என்று அவர் சொல்லியிருந்தால், அவர் படித்தது சரியாகவே இருக்கலாம். அவரிடம் போய் “தண்ணீர் மோசமாக இருக்கிறது” என்று மீண்டும் சொன்னால், அவர் அதே தாளை மீண்டும் நீட்டுவார். பேச்சு அதோடு நின்றுவிடும், கூடவே கட்சிப் பூசலும் மூளும்.

கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள். எங்கள் தெருவுக்கு வரும் நீரின் மூலம், அதாவது நீர் எடுக்கப்படும் இடம், எந்தத் தேதியில் மாற்றப்பட்டது. இப்போது எந்த விகிதத்தில் கலக்கப்படுகிறது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மொத்தக் கடினத்தன்மை எவ்வளவு. பழைய நீர் எப்போது திரும்பக் கிடைக்கும். இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி, இரண்டு ஆய்வக அறிக்கைகளின் நகலையும் இணைத்து, குடிநீருக்குப் பொறுப்பான பொறியாளருக்கும் ஒரு பிரதி அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைத் தேதியோடு வாங்கி வையுங்கள். யார்மீதும் குற்றச்சாட்டு இல்லாத, எண்களால் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்விகள் இவை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ள நாடுகளில் இதே கேள்விகளை அப்படியே மனுவாகவும் அனுப்பலாம்.

இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும், உண்மையில் எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான். நீரின் மூலம் நிலத்தடிக்கு மாறியிருக்கிறது என்றால், ஃபுளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட் ஆகிய மூன்றும் அளக்கப்பட்டனவா என்று கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள் லிட்டருக்கு முறையே 1.5, 0.01, 50 மில்லிகிராம். கடின நீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்து தன்னை உடனே காட்டிக்கொடுத்துவிடும். இந்த மூன்றுக்கும் நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, கொதிக்கவைத்தால் நீங்குவதும் இல்லை. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடவே செய்யும். பருப்பு வேகாதது எரிச்சலூட்டும் தொல்லை, இவை மிகுந்தால் அது நோய். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைத்துக் கொடுக்கும் வீடு உங்கள் தெருவில் இருந்தால், நைட்ரேட் முடிவு வரும்வரை அதற்கு வேறு நீரைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

நீரின் மூலத்தை மாற்றும்போது மக்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காததால் நேர்ந்த கொடுமைக்கு அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரம் சான்று. 2014 ஏப்ரலில் அங்கே நகராட்சி நீரின் மூலம் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. நிறமும் மணமும் சரியில்லை என்று மக்கள் தொடர்ந்து முறையிட்டும், நீர் பாதுகாப்பானது என்றே அவர்களுக்கு விடை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், இந்த நீர் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று சொல்லி அங்கிருந்த தொழிற்சாலை ஒன்று அதைப் பயன்படுத்துவதை நிறுத்திக்கொண்டது. அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படாததால் பழைய குழாய்களின் ஈயம் நீரில் கலந்தது. 2015 அக்டோபரில்தான் பழைய மூலத்துக்குத் திரும்பினார்கள். உங்கள் ஊரில் அப்படி நடக்கிறது என்று சொல்ல இதை எழுதவில்லை, கடின நீரின் தன்மை முற்றிலும் வேறு. நீர் மாறியதை முதலில் கண்டுகொள்வது பெரும்பாலும் சமையலறைதான் என்பதையும், அங்கிருந்து எழும் பேச்சைச் சமையல் புலம்பல் என்று தள்ளிவிடக் கூடாது என்பதையும் நினைவூட்டவே எழுதுகிறேன்.

உங்கள் கணவரின் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வந்தால் அதைத் தினமும் சுமக்கப் போகிறவர் அவர். அதனால் மனுவை உங்கள் ஒருவர் பெயரில் கொடுக்க வேண்டாம். இரண்டு கட்சிக்கும் வாக்களிக்கும் வீடுகளிலிருந்து கையொப்பம் வாங்குங்கள். யார் முதலில் கையொப்பமிட்டார்கள் என்ற பேச்சே எழாதபடி பெயர்களை வீட்டு எண் வரிசையில் எழுதுங்கள். கட்சிக் கொடியோ தலைவர் பெயரோ அந்தத் தாளில் எங்கும் இடம்பெறக் கூடாது. மனுவைக் கொடுக்கும்போது படம் எடுத்துப் பரப்புவதையும் தவிர்க்கச் சொல்வேன், ஏனெனில் படம் வெளியான மறுகணமே நீரைப் பற்றிய பேச்சு மறைந்து ஆள்களைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். கணவரின் அண்ணனிடம் மனுவைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். “உங்களுக்குத் தெரியாமல் எதுவும் செய்யவில்லை, இதுதான் நாங்கள் கேட்கப் போவது” என்று தாளை அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால், அவரே அதை உறுப்பினரிடம் எடுத்துச் செல்ல முன்வந்தாலும் வியப்பதற்கில்லை. தம் கட்சிக்காரர் எதிர்பாராத இடத்தில் கேள்விக்கு ஆளாவதைவிட, விடையோடு தயாராக இருப்பதைத்தான் அவரும் விரும்புவார்.

வார்டு உறுப்பினரால் முடிந்ததை மட்டும் அவரிடம் கேட்பதும் முக்கியம். எந்த நீரை எங்கிருந்து எடுப்பது என்பதைப் பெரும்பாலும் அவர் முடிவு செய்வதில்லை, அது பொறியாளர்களின் கையில் இருக்கிறது. ஆனால் மன்றக் கூட்டத்தில் கேள்வி எழுப்புவதும், பரிசோதனை முடிவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்வதும், நீரின் மூலம் மாறும்போது மக்களுக்கு முன்னறிவிப்புக் கொடுக்கச் சொல்வதும் அவரால் முடியும். ஏரியில் நீர் குறைந்துவிட்டது என்பதே காரணமாக இருந்தால், கலப்பு விகிதத்தை மாற்றுவது, அல்லது தெருவுக்கு ஒரு பொதுக்குழாயிலாவது சமையலுக்கென்று பழைய நீரைக் குறிப்பிட்ட நேரத்தில் விடுவது போன்ற இடைக்கால ஏற்பாட்டைக் கேட்கலாம். சுத்திகரிப்பு நிலையத்திலேயே சுண்ணாம்பு சேர்த்துக் கடினத்தன்மையைக் குறைக்கும் முறை ஒன்றும் புதிதில்லை. ஸ்காட்லாந்தின் அபெர்தீன் நகரப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் 1841-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். தற்காலிகக் கடினத்தன்மை மிகுந்த நீருக்கு அது இன்றும் பயன்படுகிறது. செலவு பிடிக்கும் வேலை என்பதால் உடனே நடந்துவிடாது, ஆனால் அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் ஆய்வுக்காவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதில் தவறில்லை.

முதலில் அடுப்படிச் சோதனையை முடித்துவிடுங்கள், அதன் பிறகு ஆய்வகம், அதன் பிறகு மனு. சோதனைக்கு முன்பே மனு எழுதினால், பருப்பு பழையது என்று பின்னர் தெரியவரும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்காது. அறிக்கைகள் கைக்கு வந்ததும், இரண்டு குழாய்களின் மொத்தக் கடினத்தன்மை, காரத்தன்மை, சோடியம், ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகிய எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். மொத்தக் கடினத்தன்மையில் காரத்தன்மைக்குச் சமமான பங்குதான் கொதிக்கவைத்தால் நீங்கும் என்பதால், அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, கொதிக்கவைத்து வடிப்பது உங்கள் வீட்டுக்குப் போதுமா, மென்மையாக்கி வாங்க வேண்டுமா என்பதைச் சொல்லிவிட முடியும்.